திரும்பச் சொல்லுங்க

எனக்குக் கோவம் வரும். அதை முதல்லயே சொல்லிடறேன், பின்னால யாரும் வருத்தப்பட வேண்டாம். எங்க குழுவுல என்னைச் சேத்துப் பன்னெண்டு பேரு. எதிர்ல நின்னா "லீடரம்மா"ம்பாங்க, நான் அந்தப் பக்கம் திரும்பினா "பட்டாசு". எனக்குத் தெரியும்னு அவங்களுக்கும் தெரியும்.

நகரத் தீயணைப்பு நிலையத்துலேர்ந்து காட்டுத்தீக்குப் போற குழு நாங்கதான். வண்டியும் குழாயும் ஏற முடியாத எடத்துக்கு மண்வெட்டி, கோடாலி, முள்வாரி எல்லாம் தூக்கிக்கிட்டு நடந்தே போவோம். தீ வர்ற வழியில புல்லு, சருகு, வேரு ஒண்ணு விடாமச் சுரண்டி எடுத்து, ஒரு ஆள் படுக்கற அகலத்துக்கு வெறும் மண்ணா ஆக்கி வெப்போம். அதுக்குப் பேரு கோடு. திங்க ஒண்ணும் கெடைக்காம தீ அங்க வந்து நிக்கும். நிக்கலேன்னா நாங்க ஓடணும்.

இந்த வேலையில மண்வெட்டிக்கு அடுத்தபடி முக்கியம் வாக்கி-டாக்கி. அதுக்கு ஒரு சட்டம் உண்டு. கன்ட்ரோல் ரூம்லேர்ந்து என்ன சொன்னாலும் அதை அப்படியே திரும்பச் சொல்லணும். "காத்து மேக்கேர்ந்து பதினஞ்சு"ன்னா, "காத்து மேக்கேர்ந்து பதினஞ்சு, புரிஞ்சுது." சரியாக் கேக்கலேன்னா, "திரும்பச் சொல்லுங்க." வெறுமனே "சரி சரி"ன்னு தலையாட்டறவங்கள்ல பாதிப் பேரு கேட்டிருக்கவே மாட்டாங்க, அதுக்காகத்தான். பதினாலு வருஷமா இப்படியே பேசிப் பேசி எனக்கு ரத்தத்துல ஊறிப் போச்சு. ஒரு தடவை டாக்டர் "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு"ன்னாரு. "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, புரிஞ்சுது"ன்னுட்டு எழுந்து வந்துட்டேன். மனுஷன் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாத்தாரு.

இன்னொரு சட்டம், வாக்கியில சொந்தக் கதை பேசக் கூடாது. ஒருத்தர் பொத்தானை அழுத்தினா மத்த எல்லார் வாயும் அடைச்சிடும். எங்ககிட்ட மீசைன்னு ஒருத்தன் இருக்கான். ஒரு பக்க மீசை தீயில கருகினதுலேர்ந்து மழுமழுன்னு செரைச்சுக்கிட்டுத் திரியறவன், பேரு மட்டும் நிலைச்சுப் போச்சு. போன வருஷம் அவன் பொத்தானை அழுத்தி, "கன்ட்ரோல், இன்னிக்கு எங்க வீட்டம்மாவுக்குப் பொறந்தநாள், என் சார்பா ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்களேன்"னான். பிடிச்சேன் பாருங்க ஒரு பிடி. "டேய், நீ கொஞ்சிக்கிட்டிருக்கற நேரத்துல எவனாவது காப்பாத்துங்கன்னு கத்தினா யாருக்குடா கேக்கும்?" தண்டனையா மூணு நாள் குழு மொத்தத்துக்கும் அவன்தான் தண்ணி கேன் சுமந்தான்.

அன்னிக்கு அந்தச் செய்தியை கன்ட்ரோல் ரூம்ல வாங்கினது என் வீட்டுக்காரர். மீசை பொண்டாட்டிக்குப் போனும் போட்டிருக்காரு, எனக்குத் தெரியாம.

அவர் வேலையே அதுதான். மூணாவது மாடி, ஜன்னல் இல்லாத ரூம், சுவர் பூரா வரைபடம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு காந்த வில்லை, நாங்க நகர நகர அவர் அதை நகத்துவாரு. என்னோடது செவப்பு. அவர் குரலுக்கு ஏத்தம் எறக்கமே கெடையாது. மலையே பத்தி எரிஞ்சாலும் பஸ் நேரம் சொல்ற மாதிரிதான் சொல்லுவாரு. வீட்டுல எங்களுக்குள்ள நீ, வா, போ. வாக்கியில மட்டும், "குழு ஒன்று, சொல்லுங்க."

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். வீட்டுல பேசினதைவிட வாக்கியில பேசினதுதான் அதிகம். கோடை பூரா நான் மலையில கெடப்பேன். ஒவ்வொரு மணிக்கும் அவர் வெயில், ஈரப்பதம், காத்து மூணையும் படிப்பாரு. நான் திரும்பச் சொல்லிட்டு, இத்தனை பேர் இருக்கோம்னு தலைக்கணக்குச் சொல்லுவேன். ஒரு நிமிஷம் கூட ஆகாது. அந்த ஒரு நிமிஷத்துக்காக மீதி அம்பத்தொம்பது நிமிஷமும் காத்துக்கிட்டிருப்பேன். இதை ஒரு நாளும் அவர்கிட்ட சொன்னதில்ல. சொல்ல என்ன இருக்கு, தெரியாதான்னு ஒரு திமிரு.

மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு காலையில, சமையக்கட்டு வாசல்ல ஸ்டூலைப் போட்டு உக்காந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கிட்டிருந்தேன். அஞ்சே முக்காலுக்கு வண்டி வந்துடும். அவர் ஷிப்ட் முடிச்சு அப்பத்தான் உள்ள வந்தாரு. கழுத்துல அடையாள அட்டை, கையில ரெண்டு கப் காபி. ஒண்ணை என் பக்கத்துல வெச்சுட்டு, நின்னபடியே சொன்னாரு.

"மாற்றல் கேட்டிருந்தேன். வந்துடுச்சு. பயிற்சி மையத்துல. இங்கேர்ந்து ஆறு மணி நேரம். முப்பதாந்தேதி சாயங்காலம் ஆறு மணியோட இங்க கடைசி ஷிப்ட். அன்னிக்கே எட்டு மணி பஸ்." அடையாள அட்டையைக் கழட்டினாரு. "உன் குரல் வருமா வராதான்னு இனிமே என்னால உக்காந்திருக்க முடியாது."

நான் என்ன சொன்னேன்னு சொல்லவே வெக்கமா இருக்கு. கயித்தை இறுக்கிக்கிட்டே சொன்னேன்: "பயிற்சி மையம். முப்பதாந்தேதி கடைசி ஷிப்ட். எட்டு மணி பஸ். புரிஞ்சுது."

சத்தியமா வேணும்னு சொல்லல. காதுல விழுந்ததும் வாய் தானா திரும்பச் சொல்லிடுச்சு. அவர் நின்னுக்கிட்டே இருந்தாரு. காபி மேல ஆடை படிஞ்சுது. "அவ்வளவுதானா?"ன்னாரு. "அவ்வளவுதான்"னேன். வெளியில வண்டி ஹாரன் அடிச்சுது, எழுந்து போயிட்டேன்.

ரெண்டாவது வளைவுல வண்டி திரும்பும்போதுதான் எனக்கு உறைச்சுது. சொன்னதைத் திரும்பச் சொல்லியிருக்கேன். பதில் சொல்லல. அட பாவி மனுஷின்னு என்னை நானே திட்டிக்கிட்டேன். பக்கத்துல உக்காந்திருந்த வாத்தியார், "என்னையா சொன்னீர்கள்?"னாரு. இந்த வாத்தியார் எனக்கு அடுத்த பொறுப்புல இருக்கறவரு, முன்னாடி பள்ளிக்கூடத்துல இருந்தவரு. தலையில கொள்ளி விழுந்தாலும் இலக்கணத்தோடதான் அலறுவாரு.

அவர் ஏன் மாற்றல் கேட்டாருன்னு எனக்குத் தெரியாமயா இருக்கும்? ரெண்டு கோடைக்கு முன்னாடி, ஒரு பெரிய தீயில, பக்கத்து ஊர்க் குழுவோட பேசறதுக்காக நான் வாக்கியில சேனலை மாத்தினேன். திரும்ப மாத்த மறந்துட்டேன். புதுசா வந்தவங்க பண்ற தப்பு அது, நான் பண்ணினேன். நாப்பத்திமூணு நிமிஷம். நான் அந்தச் சேனல்ல ஊரையே திட்டிக்கிட்டு ஜோரா இருக்கேன். இங்க என் வீட்டுக்காரர் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை, "குழு ஒன்று, பதில் சொல்லுங்க." குறிப்பேட்டுல ஒவ்வொரு தடவையும் நேரம் போட்டு, "பதில் இல்லை." இருபத்தொரு வரி. செவப்பு வில்லையைக் கையில எடுத்து வெச்சுக்கிட்டு, எங்க ஒட்டறதுன்னு தெரியாம உக்காந்திருந்தாராம். பக்கத்து சீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்ததும், "இருபத்தொரு தடவை கூப்பிட்டேன்"னாரு. அதை மட்டும்தான் சொன்னாரு. "சேனல் மாறிப் போச்சு. அதுக்கென்ன இப்போ? முழுசா வந்து நிக்கறேன்ல?"ன்னுட்டு, சாப்பிட்டுப் படுத்துட்டேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டுன்னா அது நான்தான். தப்பு பண்ணினவளுக்குத்தான் கோவம் அதிகமா வரும், பாத்திருக்கீங்களா?

இந்த மூணு வாரத்துல வீட்டுல இருந்தது ரெண்டே நாள். பெரிய பெட்டி கூடத்துல தொறந்து கெடந்துச்சு. போர்வையை மடிக்க ரெண்டு பேரா ரெண்டு முனையைப் பிடிச்சோம். மடிச்சு மடிச்சுக் கிட்ட வந்து, கையும் கையும் பட்டுச்சு. போகாதன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. "இந்தப் போர்வை அங்கயும் வேணுமா?"ன்னு கேட்டேன். "அங்க குளுருமாம்"னாரு. வாயுள்ள புள்ள பொழைக்கும்பாங்க. எனக்கு இருக்கற வாயெல்லாம் அடுத்தவங்களைத் திட்டத்தான்.

நாத்தனார் வேற போன் பண்ணினா. புது ஊருல அவ வீட்டுலதான் அவர் தங்கப் போறாரு. "அண்ணி, அண்ணன் பெட்டி ஒண்ணு முன்னாடியே வந்துடுச்சு. உங்க துணியும் ரெண்டு அதுல இருக்கு, தெரியாம வெச்சுட்டாரு போல"ன்னா. என்ன துணின்னு கேட்டேன். நான் வீட்டுல போட்டுக்கற பழைய ஸ்வெட்டர். முழங்கை கிழிஞ்சது. அதைத் தெரியாம எவனும் பெட்டியில வெக்க மாட்டான். போனை வெச்சுட்டுக் குளிக்கப் போயி, குழாயைத் தொறந்து விட்டுட்டு அழுதேன்.

மறுநாள் தீன்னு கூப்பிட்டுட்டாங்க. ஆபீசர்கிட்ட, முப்பதாந்தேதி எனக்கு மாத்து ஆள் போடுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. நான் இல்லேன்னா மலை மொத்தமும் எரிஞ்சுடும்னு ஒரு நெனப்பு.

முப்பதாந்தேதி, வெள்ளிக்கெழமை. தீ ஆரம்பிச்சு ஆறாவது நாள். பெரிய தீ அடங்கிப் போச்சு. மிச்சம் இருந்தது கை வெச்சுப் பாக்கற வேலை. கையுறையைக் கழட்டிட்டு, புறங்கையைச் சாம்பலுக்கு மேல ஒரு விரக்கடை உசரத்துல கொண்டு போகணும். சூடு தெரிஞ்சா தோண்டி, தண்ணி விட்டுக் கலக்கி, மறுபடி கை வெச்சுப் பாக்கணும். உள்ளங்கை காய்ச்சுப் போனது, அதுக்கு ஒண்ணும் தெரியாது. புறங்கைதான் பொய் சொல்லாது. வீட்டுக்கு நான் வர்ற நாள்ல அவர் ஷிப்டுக்குப் போயிருப்பாரு. அவர் தலகாணி மேல புறங்கையை வெச்சுப் பாப்பேன். எப்பவாவது இளஞ்சூடு இருக்கும். பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா ஆளைப் பாத்திருக்கலாம்னு தோணும்.

அன்னிக்குக் காலையிலேர்ந்து ஒவ்வொரு மணிக்கும் நான் மலை முகட்டுல போய் நின்னுடுவேன். பள்ளத்துல வாக்கி எடுக்காது. எட்டு, ஒம்போது, பத்து. "குழு ஒன்று, வெயில் முப்பத்திநாலு, ஈரப்பதம் இருபத்திரெண்டு, காத்து மேக்கேர்ந்து பத்து." திரும்பச் சொல்லுவேன். "பன்னெண்டு பேர்." "பன்னெண்டு, புரிஞ்சுது." ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே வந்தேன். ஆறு மணிக்கு ஒண்ணு பாக்கி, அதோட முடிஞ்சுது. அதுக்கப்புறம் வேற யாரோ படிப்பாங்க. குழுவுல எல்லாருக்கும் விஷயம் தெரியும். மணி அடிக்கற நேரத்துல நான் முகட்டுக்கு ஏறினா ஒருத்தரும் கூட வர மாட்டாங்க. சும்மா இருக்கற எடத்தைத் தோண்டுவாங்க.

அஞ்சு மணிப் படிப்பு முடிஞ்சுது. ஆறு மணிக்குச் சொல்லிடணும்னு முடிவு பண்ணினேன். எப்படிச் சொல்றது? சட்டம் போட்டவ நான். ஊருக்குத்தான் உபதேசம்னு மீசை சிரிப்பான். சிரிக்கட்டும்.

அஞ்சரைக்குக் கீழேர்ந்து விசில். மூணு தடவை. கீழ வெட்டின கோட்டைப் பாக்கப் போன மீசையும் தையக்காரியும்தான். தையக்காரி முன்னாடி தையல் கடை வெச்சிருந்தவ, எங்க எல்லார் கையுறைக்கும் அவதான் ஒட்டுப் போடுவா. எட்டிப் பாத்தா ஓடைப் பள்ளத்துல புகை. ஏதோ ஒரு வேர் மண்ணுக்குள்ளேயே கனிஞ்சு, கோட்டுக்கு அடியில பூந்து, அந்தப் பக்கம் போய் வெளிய வந்திருக்கு. அங்க காஞ்ச புல்லு. விட்டா ராத்திரிக்குள்ள ஆறு நாள் வேலையும் போச்சு.

"நான் இறங்குகிறேன். நீங்கள் ஆறு மணிக்கு இங்கே இருங்கள்"ன்னாரு வாத்தியார். என் மூஞ்சியைப் பாக்காம சொன்னாரு. நல்ல மனுஷன். ஆனா அவருக்கு முட்டி வலி. அந்தச் சரிவுல எந்த மரம் அடி வெந்து சாஞ்சு நிக்குதுன்னு காலையில நடந்து பாத்தவ நான் மட்டும்தான். ரெண்டு பேர் வேற கீழ. இதுல யோசிக்க என்ன இருக்கு?

பொத்தானை அழுத்தினேன். "கன்ட்ரோல், குழு ஒன்று. கீழ்க் கோட்டைத் தாண்டி வேர்த்தீ. அஞ்சு பேரோட எறங்கறேன், கீழ ரெண்டு பேர். வாத்தியார் முகட்டுல கண்காணிப்பு. பள்ளத்துல வாக்கி எடுக்காது. ஆறு மணிக்குள்ள மேல வந்துடுவேன்."

"குழு ஒன்று, வேர்த்தீ. அஞ்சு பேரோட எறங்கறீங்க, கீழ ரெண்டு பேர். முகட்டுல கண்காணிப்பு. ஆறு மணிக்குள்ள மேல. புரிஞ்சுது."

விரலைப் பொத்தான்லேர்ந்து எடுக்கல. அந்த வார்த்தை வாய்க்குள்ள உருண்டுச்சு. கீழேர்ந்து மறுபடி விசில். விரலை எடுத்துட்டு எறங்கிட்டேன்.

தீயை அடக்க இருபது நிமிஷம்தான் ஆச்சு. புல்லைச் சுத்தி ஒரு கோடு, முதுகுப் பம்புத் தண்ணி, வேரைத் தோண்டி வெட்டி வெளிய இழுத்துப் போட்டோம். வினை வந்தது திரும்பி ஏறும்போது. வழியில அந்த அடி வெந்த மரம் முக்கால்வாசி சாஞ்சு, "வா வா"ன்னு கூப்பிட்டுக்கிட்டு நிக்குது. அதுக்குக் கீழ ஏழு பேரைக் கூட்டிட்டுப் போக நான் பைத்தியமா? சுத்திப் பாறை வழியா, கல்லு உருளும்னு ஒவ்வொருத்தரா, ஒருத்தர் நல்லாத் தள்ளி ஏறின பெறகு அடுத்தவர். நான் கடைசி. புகை மேல எழும்பிப் பள்ளத்தை மூடிடுச்சு. முகட்டுல வாத்தியாருக்கு எங்களைத் தெரியாது, எங்களுக்கு அவரைத் தெரியாது. கடிகாரத்தைப் பாத்தேன். ஆறு அஞ்சு. அவ்வளவுதான், போயிருப்பாருன்னு நெனச்சேன்.

பாறையில பாதி ஏறியிருப்பேன், மார்ல மாட்டியிருந்த வாக்கி கரகரன்னுச்சு.

"குழு ஒன்று... பதில் சொல்லுங்க."

அவர் குரல். ஆறு பத்து. ஷிப்ட் முடிஞ்சு பத்து நிமிஷம். பல்லால கையுறையைக் கழட்டிட்டுப் பொத்தானை அழுத்தினேன். "கன்ட்ரோல், குழு ஒன்று, நாங்க நல்லா இருக்கோம்." எதிர்ல ஒண்ணும் இல்ல. அந்த எடத்துல அப்படித்தான். டவர்லேர்ந்து வர்றது நமக்குக் கேக்கும், நம்ம வாக்கிக்கு அங்க எட்டற தெம்பு இருக்காது.

ரெண்டு நிமிஷம். "குழு ஒன்று, பதில் சொல்லுங்க." நடுவுல வாத்தியார் பதில், "கன்ட்ரோல், புகை மறைக்கிறது, இன்னும் என் கண்ணுக்குத் தெரியவில்லை." "கண்ணுக்குத் தெரியல, புரிஞ்சுது." அதே பஸ் நேரம் சொல்ற குரல். மறுபடி, "குழு ஒன்று, பதில் சொல்லுங்க."

அந்த இருபத்தொரு தடவையை நான் கேட்டதே இல்ல. நான்தான் வேற சேனல்ல இருந்தேனே. இப்பத்தான் முதல் தடவையாக் கேக்கறேன். அந்தக் குரல்ல நடுக்கம் இல்ல, அழுகை இல்ல, ஒண்ணுமே இல்ல. கெணத்துல கல்லைப் போட்டுட்டு சத்தம் வருதான்னு காது குடுக்கற மாதிரி ஒவ்வொரு தடவையும் சொல்லி முடிச்சுட்டு ஒரு அமைதி. அந்த அமைதியிலதான் இந்த மனுஷன் ரெண்டு வருஷமாக் குடியிருந்திருக்காரு. நான் சாப்பிட்டுப் படுத்துட்டேன். "இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்"னு பாறையோட பேசிக்கிட்டே ஏறினேன். முன்னாடி ஏறின தையக்காரி திரும்பிப் பாத்துட்டு, கேக்காத மாதிரி ஏறினா. எட்டு தடவை கூப்பிட்டாரு. எட்டையும் எண்ணினேன்.

முகட்டுல கால் வெச்சப்போ ஆறு இருபத்தஞ்சு. முதல்ல தலையை எண்ணினேன், அது பழக்கம். அப்புறம் பொத்தான்.

"கன்ட்ரோல், குழு ஒன்று. தீ அடங்கிடுச்சு. பன்னெண்டு பேரும் மேல. யாருக்கும் காயம் இல்ல."

அப்புறம், "பன்னெண்டு பேரும் மேல, காயம் இல்ல." 'புரிஞ்சுது' வரல. மூச்சு மட்டும் கேட்டுச்சு. அப்புறம்தான் வந்துச்சு, "புரிஞ்சுது."

சுத்திப் பதினோரு பேரு. அந்தச் சேனல்ல இன்னும் நாலு குழு. ஆபீசர் மேசை மேல ஒரு வாக்கி எப்பவும் தொறந்தே இருக்கும். எல்லாம் தெரியும். தெரிஞ்சேதான் அழுத்தினேன்.

"கன்ட்ரோல், இன்னொரு செய்தி. போகாத."

மண்வெட்டிச் சத்தமெல்லாம் நின்னுச்சு. மீசை வாயைப் பொளந்துக்கிட்டு என்னையே பாக்கறான்.

"குழு ஒன்று," அதே குரல், "சரியாக் கேக்கல. திரும்பச் சொல்லுங்க."

சரியாக் கேக்கலயாம்! முகட்டுல நிக்கறேன், எதிர்ல டவர் தெரியுது, ஈ பறந்தாக் கூடக் கேக்கும். வேற நாளா இருந்தா ரெண்டு திட்டு திட்டியிருப்பேன். தொண்டையைச் செருமிக்கிட்டுத் திரும்பச் சொன்னேன். "போகாத. அன்னிக்கே சொல்லியிருக்கணும். இருபத்தொரு தடவைக்கும் சேத்து, தப்பு என் மேலதான். போகாதப்பா."

"குழு ஒன்று சொன்னது: போகாத. அன்னிக்கே சொல்லியிருக்கணும். இருபத்தொரு தடவைக்கும் சேத்து, தப்பு என் மேலதான். போகாதப்பா. நேரம் பதினெட்டு இருபத்தேழு. புரிஞ்சுது." வரி விடாமப் படிச்சுட்டு, "பணி மாறுது"ன்னாரு. வாக்கி அமைதியாயிடுச்சு.

அவ்வளவுதானா? எனக்கு அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. நான் அன்னிக்குப் பூட்ஸ் கயித்தைக் கட்டிக்கிட்டே குடுத்த அதே 'புரிஞ்சுது'. கையில ஆறிப் போன காபியோட எவ்வளவு நேரம் நின்னாருன்னு இப்பத் தெரிஞ்சுது எனக்கு.

அப்புறம் ஒரு அரை மணி நேரம் நான் பாத்ததெல்லாம் ஏற்கெனவே அணைஞ்ச சாம்பலைத்தான். புறங்கையை வெச்சு வெச்சுப் பாத்தேன். ஒரே எடத்துல மூணு தடவை பாக்கறேன்னு வாத்தியார் ஜாடையாக் கையைப் பிடிச்சு நகத்தி விட்டாரு. பஸ் ஸ்டாண்டு கன்ட்ரோல் ரூம்லேர்ந்து நடந்து போற தூரம். இப்ப படி எறங்குவாரு, இப்ப தெரு முனை, இப்ப டிக்கெட் வரிசைன்னு மனசு அவர் பின்னாடியே போச்சு. கூடவே போயிடணும் போல இருந்துச்சு, மண்வெட்டியும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்னு. பதினாலு வருஷத்துல அப்படி எனக்குத் தோணினதே இல்ல.

ஏழு மணிக்கு முகட்டுக்குப் போனேன். இந்தத் தடவை பதினோரு பேரும் பின்னாலயே வந்து, ஆளுக்கொரு வேலை இருக்கற மாதிரி நின்னாங்க.

"குழு ஒன்று, கன்ட்ரோல்." ஒரு பொண்ணு குரல், புதுசு. வெயில் எறங்கிடுச்சுன்னா, ஈரப்பதம் சொன்னா, காத்து சொன்னா. திரும்பச் சொன்னேன். பன்னெண்டு பேர்னேன். அவ தயங்கினா. "அப்புறம்... உங்களோட செவப்பு வில்லையை வரைபடத்துல காணோம். எல்லா எடத்துலயும் தேடிட்டேன். இப்போதைக்குப் பச்சை வெச்சிருக்கேன், பரவாயில்லயா?"

பச்சையே இருக்கட்டும்னேன். தையக்காரி பக்கத்துல வந்து, என் தோள் மேல கை வெச்சா.

"உங்களுக்கு ஒரு செய்தியும் இருக்கு. வார்த்தை மாத்தாமப் படிக்கச் சொல்லியிருக்காரு." காகிதம் சரசரத்துச்சு. "'எட்டு மணி பஸ்ல போறேன். ரெண்டு தடவையும் நல்லாவே கேட்டுச்சு. மூணாவது தடவை நேர்ல வந்து சொல்லணும்.' அவ்வளவுதான் எழுதியிருக்கு. குழு ஒன்று, செய்தியைத் திரும்பச் சொல்லுங்க."

வாய் தானா ஆரம்பிச்சுடுச்சு, "எட்டு மணி பஸ்..."னு. கப்புன்னு நிறுத்தினேன்.

"கன்ட்ரோல், திரும்பச் சொல்லல. பதில் சொல்றேன், எழுதிக்கங்க. ஞாயித்துக்கெழமை எனக்கு மாத்து ஆள் கேக்கறேன். அன்னிக்கு எட்டு மணி பஸ்ல வரேன். அந்த ஸ்வெட்டரை எடுத்து வெளிய வெக்கச் சொல்லுங்க, அங்க குளுருமாம்."

அந்தப் பொண்ணு ஒவ்வொரு வார்த்தையாத் திரும்பச் சொன்னா. "ஸ்வெட்டர், குளுருமாம், புரிஞ்சுது"ன்னா. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மேடம், இன்னும் பஸ் ஏறியிருக்க மாட்டாரு, இப்பவே போன் போட்டுச் சொல்லிடறேன்"னா. சட்டப்படி அதுவும் தப்புதான். விட்டுட்டேன்.

மீசை வந்தான். ரெண்டு கையிலயும் ரெண்டு தண்ணி கேன். என் காலடியில ஒண்ணொண்ணா எறக்கி வெச்சான். மூஞ்சில சிரிப்பே இல்ல, ரொம்பப் பாடுபட்டு அடக்கிக்கிட்டிருந்தான்.

"மூணு நாள், லீடரம்மா."

"ரெண்டு நாள்தான்டா இருப்பேன்"னேன், கேனைத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டு. "மிச்ச ஒரு நாளை வந்து சுமக்கறேன்."